பத்தொன்பது வயதில் வெள்ளை பெல்ட் கட்டினால் என்ன?

ஸ்ரீபெரும்புதூர் தொழில் வட்டாரத்தில், இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஒரகடம் வரை, பெற்றோர், பேராசிரியர், கூடப் படிக்கும் நண்பர்கள் என யாரிடம் கேட்டாலும் டேக்வாண்டோவைப் பற்றி ஒரே தீர்ப்புதான் கிடைக்கிறது. அது சின்னப் பிள்ளைகளுக்கானது. ஐந்தாறு வயதில் சேர்த்துவிட்டால் உடம்பு வளையும், பத்தாம் வகுப்புக்கு முன்னால் பிளாக் பெல்ட் வாங்கிவிட்டுப் படிப்பைப் பார்க்கலாம். கல்லூரிக்கு வந்த பிறகு வெள்ளை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கொரிய மொழியில் "ஹனா, துல், செட்" என்று எண்ணி உதைக்கப் போகும் பிள்ளையைப் பார்த்து, "இனிமே கத்துக்கிட்டு என்ன பண்ணப்போற?" என்று கேட்பார்கள். கேட்பவர் பதிலை எதிர்பார்ப்பதில்லை.

பதில் இருக்கிறது. அதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தீர்ப்பு அடியோடு தவறானது. அதனால் இழப்பவர்கள் இந்தச் சாலையோரக் கல்லூரிகளில் படிக்கும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள்.

கொரியா இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. ஹூண்டாய் 1996இல் இங்கே கால் பதித்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2007இல் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் ஆலை தொடங்கியது. அவற்றுக்குப் பின்னால் உதிரிபாக நிறுவனங்கள் வந்தன, கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த உணவகங்களும் விடுதிகளும் வந்தன. இன்றைய மாணவர்கள் கொரியத் தொடர்களைப் பார்க்கிறார்கள், பி.டி.எஸ். பாடல்களைக் கேட்கிறார்கள், சிலர் கொரிய மொழியும் படிக்கிறார்கள். இவற்றில் எதையும் 'வயது கடந்துவிட்டது' என்று யாரும் தடுப்பதில்லை. கொரியா உலகுக்குக் கொடுத்தவற்றில் உடம்பைக் கொண்டு கற்க வேண்டிய கலைக்கு மட்டும் அந்தத் தடை வந்துவிடுகிறது.

வரலாற்றைத் திறந்து பார்த்தால் இந்தத் தடைக்கு ஆதாரமே கிடைக்காது. டேக்வாண்டோ ஈராயிரம் ஆண்டுப் பழமை கொண்டது என்று பயிற்சிக் கூடங்களில் சொல்வது வழக்கம். இன்று நாம் காணும் வடிவம் உண்மையில் 1940களிலும் 50களிலும் உருவானது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர்கள் பல்கலைக்கழக வயதில் பயிற்சியைத் தொடங்கியவர்கள். 1944இல் சியோலில் சுங் டோ குவான் என்ற பயிற்சிக் கூடத்தை நிறுவிய லீ வான் குக், டோக்கியோவின் சுவோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கப் போனவர். அங்கே மாணவராக இருந்தபோதுதான் ஃபுனகோஷி கிச்சினிடம் கராத்தே கற்றார். டேக்வாண்டோ என்ற பெயர் 1955 ஏப்ரல் 11 அன்று ஏற்கப்பட்டபோது அதற்காக முன்னின்று வாதாடிய ஜெனரல் சோய் ஹோங் ஹி, 1918இல் பிறந்தவர். ஜப்பானுக்குப் படிக்கப் போன இடத்தில், ஏறத்தாழ இருபது வயதில், கராத்தே பயின்றவர். கலைக்குள் அவருடைய பங்கு எவ்வளவு என்பது பற்றிக் கொரியாவில் இன்றும் சண்டை ஓயவில்லை. ஆனால் அவர் எந்த வயதில் கராத்தே உடையை மாட்டினார் என்பதில் சண்டை இல்லை.

இன்னும் ஒரு தலைமுறை பின்னால் போகலாம். ஜூடோவைத் தந்த கானோ ஜிகோரோ 1877இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த காலத்தில்தான் ஜூஜுட்சு கற்கத் தொடங்கினார். ஒல்லியான உடம்பு, சக மாணவர்களின் சீண்டல் இரண்டும் அவரை அங்கே தள்ளின. ஐந்தே ஆண்டுகளில், 1882இல், கோடோகானை நிறுவினார். ஃபுனகோஷி ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்குக் கராத்தேயைக் கொண்டு வந்தபோது அது வேர்விட்ட இடங்களில் ஒன்று கெயோ பல்கலைக்கழகம். 1924இல் அங்கே கராத்தே சங்கம் தொடங்கியது. கிழக்காசியாவின் நவீன தற்காப்புக் கலைகளைக் கல்லூரி மாணவர்கள்தான் தூக்கி வளர்த்தார்கள். குழந்தைகள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தது பின்னால் வந்த வழக்கம். மாதக் கட்டணம் வாங்கும் வணிகப் பயிற்சிக் கூடங்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

கொரியாவிலேயே இன்றும் ராணுவப் பணிக்குப் போகும் இளைஞர்களின் பயிற்சியில் டேக்வாண்டோ இருக்கிறது. கியுங் ஹீ, யோங் இன் பல்கலைக்கழகங்களில் 1980களிலிருந்து அது தனித் துறையாகவே நடக்கிறது.

'பத்து வயதில் பிளாக் பெல்ட்' என்ற பெருமையையும் கொஞ்சம் ஆராய வேண்டும். டேக்வாண்டோவின் தலைமையிடமான சியோலின் குக்கிவோன், 15 வயது நிறையாத பிள்ளைக்கு 'டான்' என்ற பிளாக் பெல்ட் நிலையைத் தருவதில்லை. எவ்வளவு நன்றாக உதைத்தாலும் 'பூம்' என்ற தகுதிதான். பெல்ட்டும் முழுக் கருப்பாக இருக்காது, பாதி சிவப்பும் பாதி கருப்புமாக இருக்கும். வயது வந்த பிறகுதான் அது டானாக மாறும். அடுத்தடுத்த நிலைகளுக்கும் காத்திருப்புக் காலம் உண்டு. முதல் டானிலிருந்து இரண்டாவதற்கு ஓராண்டு, அங்கிருந்து மூன்றாவதற்கு இரண்டு ஆண்டு, நான்காவதற்கு மூன்று ஆண்டு. முதிர்ச்சியை இந்தக் கலை ஒரு தகுதியாகவே வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட கலையை முதிர்ச்சி வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டிய பாடமாக நாம் மாற்றி வைத்திருக்கிறோம்.

அடிப்படைப் பயிற்சி என்பது உண்மையில் என்ன என்று பார்த்தால் வயதைப் பற்றிய வாதம் இன்னும் தளரும். முதல் மாதங்களில் பறந்து உதைப்பது எதுவும் கிடையாது. நிற்கக் கற்றுத் தருவார்கள். நடப்பது போன்ற இயல்பான நிலை 'அப் சொகி'. முன்காலை மடக்கி எடையை முன்னே தரும் நீண்ட நிலை 'அப் குபி'. குதிரை மேல் உட்கார்ந்தது போல் இரு முழங்காலையும் வளைத்து நிற்பது 'ஜூசும் சொகி'. அதன் பிறகு முன் உதை, 'அப் சாகி': முழங்கால் முதலில் மேலே வர வேண்டும், பிறகே பாதம் நீள வேண்டும், விரல்களைப் பின்னால் இழுத்து விரலடிச் சதையால் தொட வேண்டும், போன வழியிலேயே கால் மடங்கித் திரும்ப வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அது வெறுமனே காலைத் தூக்கி வீசுவதாகிவிடும்.

அடுத்து வரும் சுழல் உதையில், அதாவது 'டோல்யோ சாகி'யில், பார்வை முழுக்க உதைக்கும் காலில் இருக்கும். விஷயம் தரையில் ஊன்றிய காலில் இருக்கிறது. அந்தக் குதிகால் இலக்கை நோக்கித் திரும்பாவிட்டால் இடுப்பு திறக்காது, முறுக்கு முழுவதும் முழங்காலில் போய் உட்காரும். ஆறு வயதுக் குழந்தை மாஸ்டரைப் பார்த்து அப்படியே செய்யும், ஏன் என்று கேட்காது. இயந்திரவியல் படிக்கும் மாணவிக்கு முறுக்கு விசை, எடை மையம், நெம்புகோல் எல்லாம் பாடத்தில் இருப்பவை. குதிகாலைத் திருப்பு என்றால் ஏன் திருப்ப வேண்டும் என்பது அவளுக்கு ஒரே விளக்கத்தில் புரியும், புரிந்த தவறைத் தானே திருத்திக்கொள்வாள். குழந்தையின் மூட்டு எளிதில் வளையும் என்பது உண்மை. ஆனால் உயரமாக உதைப்பது மட்டுமே டேக்வாண்டோ என்று நினைப்பவருக்குத்தான் அது முடிவான வாதம். தசையை நீட்டும் பயிற்சிக்கு இருபது வயது உடம்பு நன்றாகவே இணங்கும், ஒழுங்காகச் செய்தால் சில மாதங்களில் வித்தியாசம் தெரியும்.

வரிசைப்படுத்திய அசைவுகளின் தொகுப்புக்குப் 'பூம்சே' என்று பெயர். டேகுக் வரிசையின் முதல் பூம்சே 'இல் ஜாங்'. கீழ்த் தடுப்பு, நடுத் தடுப்பு, முகத் தடுப்பு, முன் உதை, நேர்க் குத்து, அவ்வளவுதான் அதன் சரக்கு. முதல் டானுக்கு முன் இப்படி எட்டு பூம்சேக்கள். வாரத்தில் மூன்று நாள் தவறாமல் வரும் மாணவர், முதலாம் ஆண்டில் தொடங்கினால், பொறியியல் பட்டம் முடிக்கும் தறுவாயில் முதல் டான் தேர்வுக்கு நிற்க முடியும். நான்கு ஆண்டுப் படிப்புக்கும் இந்தக் கலைக்கும் காலக்கணக்கு இவ்வளவு பொருந்தி வருவதை யாரும் கவனிப்பதில்லை.

வயதில் தொடங்கும் வாதம் தோற்றதும் பதக்கத்துக்குத் தாவும். ஒலிம்பிக்கில் ஜெயிப்பவர்கள் சின்ன வயதிலேயே தொடங்கியவர்கள்தானே என்பார்கள். உண்மைதான், பெரும்பாலோர் அப்படித்தான். 1988இல் சியோலில் காட்சிப் போட்டியாக வந்து 2000இல் சிட்னியில் முழுப் பதக்கப் போட்டியான டேக்வாண்டோவில் இந்தியாவுக்கு இதுவரை ஒலிம்பிக் பதக்கம் இல்லை. 2002 பூசான் ஆசிய விளையாட்டில் சுரேந்திர பண்டாரி வெண்கலம் வென்றார். டோக்கியோ பாராலிம்பிக்கில் அருணா தன்வர் இந்தியாவின் சார்பில் களம் இறங்கினார். இந்த உச்சிகளை 19 வயதில் தொடங்குபவர் தொடுவது மிக அரிது. அதனால் என்ன? மாநில அணியில் இடம் கிடைக்காது என்பதால் யாரும் மாலையில் வாலிபால் ஆடாமல் இருப்பதில்லை. அரங்கேற்றம் இல்லை என்பதால் இருபது வயதில் பாட்டு கற்பதை யாரும் பழிப்பதில்லை. டேக்வாண்டோவை மட்டும் பதக்க எடையில் நிறுத்துவது நியாயமில்லை.

உடம்பை எடுத்துக்கொண்டால் கணக்கு வேறு பக்கம் சாய்கிறது. 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும், இரண்டு நாளாவது தசைக்கு வேலை தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த கணக்குப்படி, 2022இல் இந்தியாவின் வயது வந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்த அளவைத் தொடவில்லை. பெண்களில் அது 57 சதவீதம். பள்ளியில் பி.டி. வகுப்பைக் கணக்கு ஆசிரியருக்குக் கொடுத்துவிட்டு, பிளஸ் டூ இரண்டு ஆண்டும் நாற்காலியில் உட்கார வைத்து அனுப்பிய பிள்ளைகள்தான் கல்லூரிக்கு வருகிறார்கள். தாங்களாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்குக் கிடைக்கும் முதல் வாய்ப்பு கல்லூரி. அந்த வாசலில் நின்றுகொண்டு 'வயது போய்விட்டது' என்று சொல்வது கொடுமை.

தற்காப்பு பற்றிய மறுப்பு கனமானது, அதை எளிதாக ஒதுக்க முடியாது. நான்கு உதை கற்ற பெண்ணுக்குப் பொய்யான தைரியம் வந்துவிடும், உண்மையான தாக்குதலில் அது உதவாது என்கிறார்கள். இதில் பாதி ஏற்கத்தக்கது. போட்டி டேக்வாண்டோவில் முகத்தில் குத்தக் கூடாது, பிடிக்கக் கூடாது, இடுப்புக்குக் கீழே உதைக்கக் கூடாது. உடம்பில் குத்தினால் ஒரு புள்ளி, உதைத்தால் இரண்டு, தலையில் உதைத்தால் மூன்று என்ற விதிக்குள் நடப்பது அது. இருட்டுச் சாலையில் விதி கிடையாது. மூன்று மாதப் பயிற்சியைக் காட்டி 'இனி யாரும் உன்னைத் தொட முடியாது' என்று சொல்லும் மாஸ்டர் தவறு செய்கிறார்.

ஆனால் கல்லூரிப் பெண்கள் எதிர்த்து நிற்கப் பழகுவதால் பயனே இல்லை என்ற மறுபாதி பொய். கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாம் ஆண்டு மாணவியர் 893 பேரை வைத்து நடந்த ஆய்வு 2015இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. அபாயத்தை அடையாளம் காண்பது, தயக்கமின்றி மறுப்பது, உடலால் எதிர்ப்பது ஆகியவற்றை மூன்று மணி நேரம் வீதம் நான்கு அமர்வுகளில் கற்றவர்களிடையே அடுத்த ஓராண்டில் பாலியல் வன்புணர்வுக்கு ஆளானோர் 5.2 சதவீதம். கற்காத குழுவில் அது 9.8 சதவீதம். அது டேக்வாண்டோ வகுப்பு இல்லை, அந்த எண்களை டேக்வாண்டோவின் கணக்கில் சேர்க்கவும் கூடாது. பல்கலைக்கழக வயதில் கற்பது தாமதம் என்ற கூற்றை மட்டும் அது தகர்க்கிறது. அப்படிப்பட்ட பயிற்சியில் சேரும் பெண்ணுக்கு டேக்வாண்டோ தரும் அடித்தளம் ஒன்று உண்டு: குரல். உதையோடு சேர்ந்து வயிற்றிலிருந்து எழும் 'கிஹாப்' என்ற முழக்கம். மெதுவாகப் பேசு, சத்தமாகச் சிரிக்காதே என்று பதினெட்டு ஆண்டு சொல்லி வளர்த்த பெண்ணுக்கு உதையை விட இந்த முழக்கம் கடினமாக இருக்கும். அது வெட்கமின்றி வெளியே வரும் நாளில் அவள் கற்றிருப்பது சாதாரண விஷயமில்லை.

சிலம்பம் இருக்க அந்நியக் கலை எதற்கு என்ற கேள்வியும் உண்டு. சிலம்பத்தைக் கற்க வேண்டும், அதில் கருத்து வேறுபாடே இல்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் சிலம்பத்தின் பெயரைச் சொல்லி டேக்வாண்டோவை மறுப்பவர்களில் எத்தனை பேர் தங்கள் கல்லூரியில் சிலம்ப வகுப்பு தொடங்கச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள்? கம்பு பிடித்தவருக்குக் காலடி வரிசை ஏற்கெனவே தெரியும், அவர் டேக்வாண்டோவுக்கு வந்தால் மற்றவரை விட வேகமாக ஏறுவார். இரண்டையும் ஒருவரே கற்கலாம்.

இந்தத் தொழில் வட்டாரத்துக்கே உரிய காரணம் ஒன்று இருக்கிறது, அதுதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் படித்து முடிப்பவர்களில் பலர் டிரெயினியாகவும் அப்ரென்டிஸாகவும் சூப்பர்வைசராகவும் இங்கேயே ஷிப்டுக்குப் போகிறார்கள். லைனில் நிற்பவரின் உடம்பு நாள் முழுக்க ஒரே பக்கமாக, ஒரே அசைவில் உழைக்கிறது. அதே கை, அதே தோள், அதே காலில் எடை. டேக்வாண்டோவின் அடிப்படைப் பயிற்சி இதற்கு நேர் எதிரானது. வலது காலால் பத்து உதைத்தால் இடது காலாலும் பத்து உதைத்தே ஆக வேண்டும். பூம்சே இடதில் செய்ததை வலதிலும் கேட்கும். பலவீனமான பக்கத்தைத் தேடிப் பிடித்து வேலை வாங்கும். வேலைக்குப் போகும் முன்பே இந்தப் பழக்கம் உடம்பில் ஏறியிருந்தால் அது நீண்ட காலத்துக்குத் துணை நிற்கும்.

ஷிப்ட் தொடங்கிவிட்டால் புதிதாகத் தொடங்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதே வட்டாரத்திலுள்ள வல்லம் வடகாலைப் பார்த்தால் போதும். 2024 ஆகஸ்டில் அங்கே 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய விடுதியைச் சிப்காட் திறந்தது. அங்கே தங்குபவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவியரின் வயதினர். ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு என மாறும் நேரத்தில் கம்பெனி பஸ், உறக்கம், சாப்பாடு போக மிச்சம் மிகக் குறைவு. மாணவருக்கு மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு மைதானமும் ஒரு மணி நேரமும் கையில் இருக்கின்றன. இதே சாலையில் அதே வயதுள்ள இன்னொருவருக்கு அவை கிடைப்பதில்லை.

இங்கே டேக்வாண்டோவை ஆதரிப்பவர்கள் சிலருடைய வாதத்தையும் மறுத்தாக வேண்டும். இதைக் கற்றால் கொரிய கம்பெனியில் வேலை கிடைக்கும் என்று பயிற்சிக் கூடங்கள் ஆசை காட்டுகின்றன. அதற்கு அடிப்படை இல்லை. கீழ்ப்படிதல் வரும், ஒழுங்கு வரும், கம்பெனிக்கு ஏற்ற ஆளாக்கும் என்று சொல்வது அதைவிட மோசம். 2024 செப்டம்பர், அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் சங்க உரிமை கேட்டு ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்த மண் இது. நிமிர்ந்து நிற்கவும் கண்ணைப் பார்க்கவும் பயிற்றும் கலையை, குனிந்து போகக் கற்றுத் தரும் கலையாக விளம்பரம் செய்வது அந்தக் கலைக்கே இழுக்கு. வணங்கும் பழக்கம் அதில் உண்டு. மாணவர் மாஸ்டரை வணங்கும்போது மாஸ்டரும் பதிலுக்குக் குனிகிறார்.

பெல்ட் வியாபாரம் பற்றிய குற்றச்சாட்டு உண்மை. மூன்று மாதத்துக்கு ஒரு கிரேடிங், ஒவ்வொன்றுக்கும் கட்டணம், கேள்வியில்லாமல் அடுத்த நிறம் என்று நடக்கும் இடங்கள் உள்ளன. கூட்டமைப்புகளின் சண்டையில் யாருடைய சான்றிதழ் செல்லும் என்ற குழப்பமும் உண்டு. இந்த மோசடிக்கு எளிதில் இரையாவது, எதையும் கேட்கத் தெரியாத குழந்தையும் அதன் பெற்றோரும்தான். கல்லூரி மாணவர் கேள்வி கேட்கலாம். டான் சான்றிதழ் குக்கிவோனிடமிருந்து வருகிறதா, மாஸ்டரின் சான்றிதழைப் பார்க்கலாமா, அடுத்த கிரேடிங்குக்குத் தகுதி இல்லையென்றால் நிறுத்தி வைப்பீர்களா என்று கேட்டுவிட்டுச் சேரலாம். சண்டைப் பயிற்சியில் தலையில் அடிபடும் அபாயமும் உண்மையே. ஹெல்மெட்டும் மார்புக் கவசமும் இல்லாமல் 'கியோருகி'யில் இறக்கும் இடத்தை விட்டு அன்றே வெளியேறலாம். அடிப்படை கற்கும் முதல் மாதங்களில் கியோருகி தேவையே இல்லை.

மிச்சமிருப்பது கல்லூரிகளின் பொறுப்பு. இந்திய பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டிகளில் டேக்வாண்டோ உண்டு. 2003 டேகு உலகப் பல்கலைக்கழக விளையாட்டிலும் அது இடம்பெற்றது. அதனால் பல கல்லூரிகளில் டேக்வாண்டோ அணி இருக்கிறது, வகுப்பு இல்லை. ஏற்கெனவே பிளாக் பெல்ட் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரைப் பி.டி. சார் தேடிப் பிடிப்பார், போட்டிக்கு ஓ.டி. கொடுத்து அனுப்புவார், கோப்பை வந்தால் முதல்வர் அறையில் வைப்பார். புதிதாகக் கற்க வருபவருக்கு அங்கே இடம் கிடையாது. வயது போய்விட்டது என்ற எண்ணம் இப்படித்தான் ஒரு நிர்வாக ஏற்பாடாக உறைந்து நிற்கிறது.

இதை மாற்றப் பெரிய செலவில்லை. பென்னலூரிலும் தண்டலத்திலும் உள்ள பொறியியல் கல்லூரிகளைப் போல இந்த நெடுஞ்சாலையை ஒட்டியவற்றுக்கு ஒரு மண்டபத்தை ஒதுக்கி, சில பாய்களும் இரண்டு கிக் பேடுகளும் வாங்குவது சுமையே இல்லை. வண்டலூரைத் தாண்டினால் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பயிற்சியாளர் தேடுவதையும் தகுதி பார்ப்பதையும் அங்கே கேட்டுத் தொடங்கலாம். வாரத்துக்கு மூன்று மாலை, ஆண் பெண் இருபாலருக்கும், ஹாஸ்டல் கதவு மூடும் நேரத்துக்கு முன்பாக. முதலாம் ஆண்டு வகுப்புகள் தொடங்கும் வாரத்திலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். முன் அனுபவம் தேவையில்லை என்பதை அதில் பெரிய எழுத்தில் போட வேண்டும். பக்கத்து விடுதியில் ஷிப்ட் முடித்து வரும் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை அதே மண்டபத்தைத் திறந்துவிடுவதும் கல்லூரிகளால் முடியும்.